விளிம்பில் ஒரு பெயர்



ஈப்போவில் நமக்கு ஒரு பழைய நண்பர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் கிராணியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற தீபாவளி விடுமுறையில் அவரைக் காணப் போயிருந்தோம். பலகாரத் தட்டை நகர்த்திவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே பஞ்சுத் துணியில் சுற்றிய வெள்ளிப் பதக்கம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் போர்வீரன் ஒருவனுக்கு வெற்றித் தேவதை மாலை சூட்டுகிறாள். சிவப்பு நாடா, அதில் இரண்டு கருநீலக் கோடுகள். நாடாவின்மேல் ஒரு சிறிய வெள்ளிப் பட்டை. அந்தப் பட்டையிலே பொறித்திருந்த சொல்லைப் படித்ததும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பேராக்' என்றிருந்தது.

"நம்ம பேராக்கா, ஐயா?" என்று கேட்டோம்.

"நம்ம பேராக்தான். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது அது இல்லை. விளிம்பைப் பாருங்கள்" என்றார்.

நாணயத்தின் விளிம்பு போன்ற அந்த மெல்லிய ஓரத்தில், ஓர் எண், ஒரு பெயர், ஒரு பட்டாளத்தின் பெயர் மூன்றும் பொறிக்கப்பட்டிருந்தன. யாரோ ஒரு சாதாரணச் சிப்பாய். "இந்த ஆள் ஊர் திரும்பினானா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று" என்றார் கிராணியார். அவர் கண்டுபிடித்ததைப் பிறகு சொல்கிறோம். அதற்குமுன், இப்படிப்பட்ட பதக்கங்கள் எப்படி வந்தன, போரில் மாண்டவனுக்கு ஏன் பதக்கம், அதை இன்று தேடிச் சேர்ப்பவர்கள் என்ன தேடுகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

முற்காலத்தில் பிரிட்டனில் பதக்கம் என்பது பெரிய தளபதிகளுக்கு உரியது. சிப்பாய்க்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி. அதிலும் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் கொடுப்பார்கள். இந்தக் கணக்கு நம் தோட்டத்துப் பழைய தலைமுறைக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூ போர் நடந்தது. நெப்போலியன் தோற்றான். அந்தப் போருக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு வெள்ளிப் பதக்கம் அடித்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே பதக்கம். பெற்றவரின் பெயர் இயந்திரத்தால் விளிம்பில் அழுத்திப் பொறிக்கப்பட்டது. அதைவிட முக்கியமானது வேறொன்று. போரில் மாண்டவனுக்கும் பதக்கம் உண்டு, அது அவனுடைய நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கப்படும் என்று ஆயிற்று. மகன் வரவில்லை. மகன் பெயர் எழுதிய ஒரு வெள்ளி வட்டம் வந்தது.

மாண்ட அந்தச் சிப்பாய்களில் பலருக்குக் கல்லறை கிடையாது. பெரிய குழி வெட்டி எல்லாரையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். கல்வெட்டில் பெயர் என்றால் அது அதிகாரிக்குத்தான். ஆகையால் ஏழைச் சிப்பாயின் பெயர் அழியாமல் பொறிக்கப்பட்ட ஒரே இடம் பல சமயம் அந்தப் பதக்கத்தின் விளிம்பாகவே இருந்தது.

ஆனால் எல்லாப் போருக்கும் இந்த நியாயம் நடக்கவில்லை. வாட்டர்லூவுக்கு முன்பு ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் பல ஆண்டுகள் நடந்த கடும்போர்களில் உழைத்தவர்களுக்கு அரசாங்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. வாட்டர்லூவில் நின்றவன் மார்பில் பதக்கம் மின்னுகிறது, அவனுக்கு இரண்டு ஆண்டு பணிக்காலமும் கூட்டிக் கணக்கிடப்படுகிறது. ஆறு வருஷம் போரிட்டவன் வெறும் மார்போடு நிற்கிறான். இவர்களுக்காக ரிச்மண்ட் பிரபு நெடுங்காலம் வாதாடினார். முடிவாக 1847-இல் ஒரு பதக்கம் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: உயிரோடு இருப்பவர் விண்ணப்பித்தால்தான் உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? ஏறத்தாழ 26,000 பேர் கேட்டுப் பெற்றார்கள். 1812-இல் படஹோஸ் கோட்டைச் சுவரில் ஏறி மாண்டவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் தாய் விண்ணப்பிக்கவும் வழியில்லை. விண்ணப்பம் போடப் பிழைத்திருக்க வேண்டும் என்ற இந்தச் சட்டம் நமக்கு விந்தையாகத்தான் படுகிறது. பதக்கம் சேர்ப்பவர்கள் இன்றும் இதைச் சொல்லி வருந்துவார்கள். அந்தப் போர்களில் விழுந்தவர்களின் பெயரை எந்த விளிம்பிலும் தேட முடியாது.

1854-இல் ரஷ்யாவோடு கிரிமியாப் போர் மூண்டது. அதற்கான பதக்கத்தில் ஒவ்வொரு போருக்கும் ஒரு பட்டை உண்டு. ஆல்மா, பலாக்லாவா, இன்கர்மன், செபஸ்டபோல் என்ற பெயர்கள் பொறித்து, கருவாலி மரத்தின் இலையும் காயும் போல அழகாகச் செய்திருப்பார்கள். இந்தப் பட்டைகளை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அவை ஒரு கதை சொல்லும். செப்டம்பர் 20-ஆம் நாள் நடந்த ஆல்மாவுக்கு ஒரே ஒரு பட்டை, அதற்குமேல் ஒன்றும் இல்லை என்றால் அந்தச் சிப்பாய்க்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருள். அங்கேயே விழுந்திருக்கலாம், காயத்தோடு கப்பலில் அனுப்பப்பட்டிருக்கலாம், காலராவில் போயிருக்கலாம்.

காலராவைச் சும்மா சொல்லவில்லை. கிரிமியாவில் உயிரிழந்த பிரிட்டிஷ் வீரர் சுமார் 21,000 பேர். அதில் குண்டாலும் வாளாலும் காயத்தாலும் மாண்டவர்கள் 5,000-க்கும் குறைவு. மற்ற அனைவரும் பேதியிலும் காய்ச்சலிலும் குளிரிலும் போனவர்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பலாக்லாவாவில் இலகு குதிரைப்படை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஓர் ஆணையால் பீரங்கி வாயை நோக்கியே பாய்ந்தது. ஏறத்தாழ 670 பேர் போனார்கள், நூற்றுக்குச் சற்று அதிகமானோர் மாண்டார்கள். அந்தப் பாய்ச்சலில் மாண்டவனின் பதக்கம் என்று நிரூபணமானால் இன்று ஏலத்தில் பெரும் விலை போகும். விலை உள்ள இடத்திலே திருட்டும் உண்டு அல்லவா? கிரிமியாப் பதக்கங்கள் பலவும் பெயர் பொறிக்காமலே கொடுக்கப்பட்டவை. 1855 மே 18-ஆம் நாள் லண்டனில் மகாராணி தம் கையாலேயே வீரர்களுக்கு வழங்கியவையும் அப்படித்தான். பின்னால் சிலர் அரசாங்கத்திடமே திருப்பி அனுப்பிப் பெயர் பொறித்துக்கொண்டார்கள். சிலர் ஊர் நகைக்கடையில் கொடுத்து வெட்டிக்கொண்டார்கள். ஆகவே வெறும் விளிம்புள்ள பதக்கத்தை வாங்கி, அதில் மாண்ட குதிரைவீரன் ஒருவனின் பெயரை வெட்டி விற்கும் மோசடி சுலபமாயிற்று. வேறு பதக்கங்களிலோ பழைய பெயரை அரத்தால் தேய்த்துவிட்டுப் புதுப் பெயர் வெட்டுவார்கள். தேய்த்தால் உலோகம் குறையும். அதனால்தான் அனுபவசாலிகள் பதக்கத்தின் குறுக்களவை அளந்து பார்க்கிறார்கள். சுமார் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது ஒரு மயிரிழை குறைந்தாலும் சந்தேகந்தான்.

இங்கே ஒன்றை மனத்தில் வையுங்கள். பொய்ப் பெயர் வெட்டுகிறவன் இரண்டு திருட்டுச் செய்கிறான். வாங்குகிறவனின் பணத்தைத் திருடுவது ஒன்று. விளிம்பில் முன்பே இருந்த ஏதோ ஒரு ஏழையின் பெயரை அடியோடு அழிப்பது மற்றொன்று. நம்மைக் கேட்டால் இரண்டாவதே பெரிய திருட்டு.

அப்படியானால் உண்மையை எப்படி அறிவது? நம் கிராணியார் இதைச் சொல்லும்போது முகம் மலர்ந்துவிட்டது. "நான் வாழ்நாளெல்லாம் எழுதிய செக்ரோல்தான் இங்கேயும் ஐயா!" என்றார். தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவன் வராதவன் என்று குறித்ததுபோலவே, பட்டாளத்திலும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் வரவேடு இருந்தது. சம்பளம் கொடுக்க வேண்டுமே! அந்த ஏடுகளும், எந்தப் போருக்கு யாருக்கு எந்தப் பதக்கம் என்று எழுதிய பதக்கப் பதிவேடுகளும் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன. ஒரு சிப்பாய் இறந்துபோனாலோ படையை விட்டு நீங்கினாலோ அவன் பிறந்த ஊர், படையில் சேருமுன் செய்த தொழில் முதலியவற்றையும் எழுதிவைத்தார்கள். பதக்கத்தில் உள்ள எண்ணும் பெயரும் ஏட்டில் உள்ள எண்ணும் பெயரும் ஒத்துப்போனால்தான் அது மெய்யான பதக்கம். இந்த ஆராய்ச்சிக்கென்றே 1942-இல் பிரிட்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது.

ஏடும் பதக்கமும் சேர்ந்து எவ்வளவு பேசும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு போரைச் சொல்லலாம். 1879 ஜனவரி 22-ஆம் நாள், ஜூலு மக்களின் நாட்டுக்குள் புகுந்த பிரிட்டிஷ் படை இசாண்டுல்வானா என்ற குன்றின் அடியில் கூடாரம் போட்டிருந்தது. சுமார் 20,000 ஜூலு வீரர் ஈட்டியும் கேடயமுமாக வந்து வளைத்துக்கொண்டார்கள். மாலைக்குள் பிரிட்டிஷ் பக்கத்தில் 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள். 24-ஆம் பட்டாளத்தின் கம்பெனிகள் முழுமுழுதாக அழிந்தன. உடல்கள் மாதக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்தன. மே மாதந்தான் படை திரும்பிப் போய்ப் பார்த்தது. 24-ஆம் பட்டாளத்தாரைப் புதைத்து முடிக்க ஜூன் ஆகிவிட்டது. அதற்குள் யார் எவர் என்று எப்படித் தெரியும்? கிடந்த இடத்திலேயே மூடி, மேலே கற்களைக் குவித்தார்கள். வெள்ளையடித்த அந்தக் கற்குவியல்கள் இன்றும் புல்வெளி முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. குவியல்மேல் பெயர் இல்லை.

பெயர் பதக்கத்தில் இருக்கிறது. அந்தப் போருக்கான பதக்கத்தில், புதரடியில் குனிந்து நீர் அருந்தும் சிங்கம் ஒன்றும், அதன் கீழே ஜூலு கேடயமும் ஈட்டிகளும் உள்ளன. பட்டையில் ஊர்ப்பெயர் கிடையாது, ஆண்டு மட்டுந்தான். ஆகையால் '1879' என்ற பட்டையைப் பார்த்து, இவன் இசாண்டுல்வானாவில் மாண்டவனா, துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவனா என்று சொல்ல முடியாது. மாண்டோர் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஒப்பிட்டுத் தெரிந்துவிட்டால், அந்தப் பெயரில்லாக் குவியல்களில் ஏதோ ஒன்றுக்குப் பெயர் கிடைத்ததுபோல ஆகிறது. அந்தப் பட்டாளத்தின் பொருள்கள் வேல்ஸ் நாட்டில் பிரெக்கன் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

எதிர்ப்பக்கத்தை மறப்பது முறையன்று. ஜூலு மக்கள் தங்கள் மண்ணைக் காக்கவே போரிட்டார்கள். அவர்களில் மாண்டவரும் ஆயிரத்துக்கு மேல். அவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் கிடையாது. வீரம் காட்டியவன் மரமணிகளைக் கோத்த மாலை ஒன்றை அணிவான். 1999-இல் அதே இசாண்டுல்வானாவில் ஜூலு வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியபோது, அந்த மாலையையே வெண்கலத்தில் வார்த்து வைத்தார்கள்.

இனி நம் பேராக்கிற்கு வருவோம். 1875 நவம்பர் 2-ஆம் நாள் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடண்ட் பெர்ச், பாசிர் சாலாக்கில் ஆற்றோரக் குளியலறையில் இருந்தபோது ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். ஐந்து நாள் கழித்து அந்தக் கிராமத்தைத் தாக்கப் போன கேப்டன் இன்னஸ் மாண்டார். பிறகு ஹாங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பட்டாளங்கள் வந்து இறங்கின. டிசம்பர் 20-ஆம் நாள், சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் இடையே முன்பு நாம் பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறினோமே, அந்தப் புக்கிட் பூத்துஸ் கணவாயில் எதிரியின் அரணுக்குள் முதலில் குதித்த கூர்க்காப் படை அதிகாரி சானர் விக்டோரியா சிலுவை பெற்றார். 1876 மார்ச் வரையில் பணி செய்தவர்களுக்கு இந்தியாவுக்கென்று இருந்த பதக்கத்தையே 'பேராக்' என்ற பட்டையோடு கொடுத்தார்கள்.

அதே வடிவப் பதக்கத்தில் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1885-இல் தொடங்கிய பர்மாப் போர் முதற்கொண்டு, படையோடு போன சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர் போன்ற இந்தியப் பணியாளருக்கும் அதைக் கொடுத்தார்கள். சென்னைப் பட்டாளங்களும் அந்தப் போருக்குப் போயின. உருவமும் நாடாவும் ஒன்றுதான். உலோகம் மட்டும் வெள்ளியல்ல, வெண்கலம்.

மறுபுறம், மகாராஜா லேலா 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அவரோடு நின்றவர்களுக்குப் பதக்கமும் இல்லை, விளிம்பும் இல்லை. ஆனால் கோலாலம்பூரில் பெர்ச் பெயரால் இருந்த சாலைக்கு இப்போது மகாராஜா லேலாவின் பெயர்.

நம் கிராணியாரின் சிப்பாய் என்ன ஆனான்? கியூவிலிருந்து வந்த பதிலை அவர் எடுத்துக் காட்டினார். படையில் சேருமுன் அந்த ஆளின் தொழில் நெசவு. பேராக்கில் ஒரு தோட்டாகூட அவன்மேல் படவில்லை. மறு வருஷம் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துபோனான். "குண்டு பட்டுச் செத்திருந்தால் இது எனக்கு எட்டாத விலை. காய்ச்சலில் செத்ததால் மலிவாகக் கிடைத்தது" என்று கிராணியார் வறட்சியாகச் சிரித்தார்.

பதக்கச் சந்தையின் வழக்கம் இதுதான். போரில் மாண்டவனுக்கு ஒரு விலை, நோயில் மாண்டவனுக்கு ஒரு விலை. அரிதானது விலை ஏறும் என்பது நமக்கும் தெரியும். ஆனால் வீட்டிலே காத்திருந்த தாய்க்கு இரண்டு சாவும் ஒன்றுதானே? சாவு எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்கு விலை என்று கணக்குப் போடுகிற சேகரிப்பு நமக்கு உவப்பாக இல்லை. கிராணியாரைப் போல ஒரு பெயரின் பின்னால் இரண்டு வருஷம் நடப்பவர்களின் சேகரிப்பு வேறு வகை.

1942-43-இல் நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. காஞ்சனபுரியில் படைவீரர்களின் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயருண்டு. ஆயிரமாயிரமாய் மாண்ட நம்மவர்களுக்கு அப்படியோர் இடம் இல்லை. உங்கள் குடும்பத்தில் அப்படிப் போனவர் பெயர் பாட்டிமார் வாயிலாகத் தெரிந்திருந்தால், இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், தோட்டம், போன ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள்.

பதக்கங்களும் அப்படித் தொலைந்தவைதான். வறுமையில் அடகுக்கடைக்குப் போனவை உண்டு. சாராயத்துக்கு விற்றவை உண்டு. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை தாறுமாறாக ஏறியபோது எடைக்குப் போட்டு உருக்கியவையும் உண்டு. நம் வழக்கில் வெள்ளி என்றால் பணம் என்றும் பொருள். அந்த மாதம் பலருக்கு அந்தப் பொருள் மட்டுமே கண்ணில் பட்டிருக்கிறது.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் ஏதாவது பழைய பதக்கம் இருக்கலாம். அவசரகாலத்தில் காவலுக்கு நின்ற தாத்தாவுடையதாக இருக்கலாம், வேறு எந்த வகையிலாவது வந்ததாகவும் இருக்கலாம். விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும். நாடா நைந்திருந்தாலும் கழற்றி எறியாதீர்கள். வெயில் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைச் சுற்றிப் படியுங்கள். எண், பெயர், பட்டாளம் என்ன இருந்தாலும் அப்படியே ஒரு தாளில் எழுதி, பதக்கத்தோடு மடித்து வையுங்கள். யாராவது எடைபோட்டு விலை பேச வந்தால், முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.